உளி மாறும் வேளை

தச்சர் ஒருவர் பலகையின் முன் அமர்ந்து வேலை செய்வதை நேயர்களில் பலர் நின்று கவனித்திருப்பீர்கள். இழைப்புளியால் பலகையைச் சமன் செய்கிறார். அதை வைத்துவிட்டு அகன்ற உளியை எடுக்கிறார். நாலைந்து தட்டுகள் தட்டியதும் அதையும் வைத்துவிட்டுக் குறுகிய உளியை நாடுகிறார். ஒரு கதவு நிலை முடிவதற்குள் கருவி எத்தனை முறை மாறியது என்று அவரைக் கேட்டால் அவருக்கே கணக்குத் தெரியாது. கருவி மாறுகிறது, கருத்து மாறுவதில்லை. முதலில் அவர் இழுத்த கோடு பலகையின்மேல் அப்படியே இருக்கிறது. எந்த உளி வந்தாலும் அது அந்தக் கோட்டுக்கே வந்து சேருகிறது.

இத்துணை எளிதாகத் தோன்றும் இச்செயலைப் பொறி ஒன்றுக்குக் கற்பிப்பதற்கு மனிதனுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. இன்று மரப் பட்டறைகளில் வேலை செய்கின்ற, கணிப்பொறியால் இயங்கும் ரூட்டர் இயந்திரத்தின் முன்னே நிற்கும் இளைஞரும் அந்த நீண்ட வரலாற்றின் ஒரு முனையில்தான் நிற்கிறார். அவர் ஒரு பிட்டைக் கழற்றி மற்றொன்றை மாட்டும் அந்த இரண்டு நிமிடங்களில் ஒரு பலகையின் விலையும், சில வேளைகளில் ஒரு விரலின் விலையும் அடங்கியிருக்கின்றன. ஆகவே இவ்வரலாற்றைச் சற்று நினைவு கூர்வது பயனுடையதாகும்.

கதை மரத்திலிருந்தே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் பாய்மரக் கப்பல்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் கப்பிக் கட்டைகள் வேண்டியிருந்தன. அவற்றைக் கையால் கடைந்தும் செதுக்கியும் கொடுத்துவந்தனர் தொழிலாளர். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் சாமுவேல் பெந்தம் என்பாரின் ஆதரவோடு, மார்க் இஸம்பார்டு புரூனல் திட்டமிட, ஹென்றி மாட்ஸ்லே என்னும் பொறிவல்லுநர் செய்து கொடுக்க, நாற்பதுக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் அங்கே வரிசையாக நிறுவப்பட்டன. 1808-ஆம் ஆண்டில் அவை 1,30,000 கப்பிக் கட்டைகளைச் செய்தன. முன்னர் 110 தேர்ந்த தொழிலாளர் செய்த வேலையை இப்போது 10 பேர் செய்தனர் என்று அக்காலத்தார் கணக்கிட்டனர்.

அவ்வியந்திரங்களில் ஒன்று துளையிடும். அடுத்தது அத்துளையை நீண்ட குழியாக்கும். மற்றொன்று மூலைகளை அறுக்கும். வேறொன்று புறத்தை வளைவாக்கும். இன்னுமொன்று கயிறு பதிவதற்கான பள்ளத்தை இடும். ஒவ்வொரு பொறிக்கும் ஒரே தொழில். கருவியை மாற்றுவது கடினம் என்று கண்டவர்கள், கருவியை மாற்றாமல் பொறியையே மாற்றினார்கள் எனலாம். கட்டைதான் ஒவ்வோரிடமாகப் பயணம் செய்தது. ஆனால் அதனால் வேறொரு தொல்லை தோன்றியது. முதற்பொறியில் ஒரு விதமாகப் பிடிக்கப்பட்ட கட்டை, அடுத்த பொறியில் ஒரு மயிரிழை விலகிப் பிடிக்கப்பட்டால் துளையும் குழியும் ஒன்றோடொன்று பொருந்தா. இதற்கு அவர்கள் கண்ட வழி நுட்பமானது. துளையிடும் பொறியின் பிடியே கட்டையின்மேல் ஒரு தடத்தைப் பதித்துவிடும். பின்வரும் பொறிகளெல்லாம் அந்தத் தடத்தைக் கொண்டே கட்டையைப் பிடித்தன. தச்சர் பலகையில் இழுத்த கோடு இங்கே இரும்பு பதித்த தடமாக மாறிற்று. மாறுகின்ற பலவற்றுக்கிடையே மாறாத ஒன்றை முதலில் நிலைநாட்டிக்கொள்ள வேண்டும் என்ற உண்மை இவ்வாறு தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

ஆயினும் எல்லாத் தொழிலாளரும் நாற்பது பொறிகள் வாங்க இயலுமா? இயலாது. ஒரே பொறியில் பல கருவிகள் வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் துப்பாக்கித் தொழிலில் உருப்பெற்றது. 1845-ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபிட்ச் என்பவர், துப்பாக்கிக்கான திருகாணிகளைச் செய்வதற்காகக் கடைசல் இயந்திரம் ஒன்றில் எட்டுக் கருவிகளைத் தாங்கிய உருளை ஒன்றை அமைத்தார். ஒரு கருவி தன் வேலையை முடித்ததும் உருளையைத் திருப்பினால் அடுத்த கருவி அதே இடத்தில் வந்து நிற்கும். எட்டையும் ஒருமுறை சரிபார்த்து அமைத்துவிட்டால் ஆயிரம் திருகாணிகளுக்கு மறுபடி அளக்க வேண்டியதில்லை. இதுவே பின்னர் டரட் லேத் என்று உலகெங்கும் பரவியது. 1873-இல் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் என்பார் மனிதக் கையின் துணையின்றியே கருவிகளை உரிய வேளையில் முன்னே செலுத்தும் தானியங்கித் திருகாணிப் பொறிக்கு உரிமை பெற்றார். உருளை ஒன்றின்மேல் பொருத்திய மேடு பள்ளங்களே அப்பொறியின் மூளையாக இருந்தன. வேலை மாறினால் மேடு பள்ளங்களையும் மாற்ற வேண்டும். அதுவே அதன் குறை.

கருவியை மாற்றுவதற்கு வேலையின் வடிவம் ஒரு காரணம். கருவி மழுங்குவது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். இருபத்தாறு ஆண்டுக் காலம் சோதனைகள் செய்து, எட்டு இலட்சம் பவுண்டு எடையுள்ள இரும்பையும் எஃகையும் சீவித் தள்ளி, அதன் முடிவுகளை 1906-ஆம் ஆண்டில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் அவர் வெளியிட்டார். வேகத்தைக் கூட்டினால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் கருவி விரைவில் மழுங்கும். மாற்றுவதில் காலம் கழியும். இரண்டுக்கும் நடுவே இலாபமான ஓர் அளவு உண்டு என்பதை அவர் எண்களால் காட்டினார். அத்துடன், தொழிலாளர் தத்தம் கருவியைத் தாமே தீட்டிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தி, தனி அறையொன்றில் அனைத்தையும் ஒரே அளவாகத் தீட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். இதனால் வேலையின் தரம் உயர்ந்தது மெய்தான். ஆனால் தன் உளியைத் தானே தீட்டும் உரிமையும் அதைப் பற்றிய அறிவும் தொழிலாளியின் கையை விட்டு அகன்றன என்பதும் மெய்யே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிகழ்ந்தது இன்னும் பெரிய மாறுதல். மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டி என்னும் ஊரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்து வந்த ஜான் பார்சன்ஸ், வளைவுகளை எண்களாகக் கணித்து அவ்வெண்களின்படியே வெட்டும் பொறியை நகர்த்தலாம் என்று கருதினார். 1949-இல் அமெரிக்க விமானப்படை அதற்கு ஆதரவளித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று திசைகளில் தானே நகரும் பொறி 1952-ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. எண் கட்டுப்பாடு என்று நாம் சொல்வது அதுவே.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் பொறியைக் கையால் இயக்கும்போது அவர் அசைவுகளை நாடாவில் பதிந்து, பின்னர் அந்நாடாவைக் கொண்டே பொறியை இயக்கும் முறையை 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள் சோதித்துப் பார்த்தன. அம்முறையில் தொழிலாளியின் கைத்திறனே மூலதனம். ஆனால் வென்றது எண் முறை. இவ்வெற்றிக்குக் காரணம் நுட்பச் சிறப்பு மட்டுமன்று, பட்டறையின் கட்டுப்பாடு யாரிடம் இருக்கவேண்டும் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது என்று டேவிட் நோபிள் என்னும் வரலாற்றாசிரியர் 1984-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். எல்லோரும் அவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் கருவியை யார் மாற்றுகிறார், எப்போது மாற்றுகிறார் என்ற சிறிய கேள்விக்குள் இவ்வளவு பெரிய கேள்வி மறைந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

1952-ஆம் ஆண்டுப் பொறிக்கு நகரத் தெரியும்; கருவியை மாற்றத் தெரியாது. அதற்கு மனிதக் கையே வேண்டியிருந்தது. 1958-இல் மில்வாக்கி நகரத்துக் கியர்னி அண்டு டிரெக்கர் நிறுவனம் வெளியிட்ட மில்வாக்கி-மேட்டிக் என்னும் பொறி அக்குறையைத் தீர்த்தது. கருவிகள் ஒரு பேழையில் வரிசையாக இருக்கும். நாடா கட்டளையிட்டதும் பொறியே பழைய கருவியை விடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ளும். பிற்காலத்தில் பரவிய அமைப்பில் இரு கைகள் கொண்ட கரம் ஒன்று உண்டு. ஒரு கை பழையதைப் பற்றும். மறு கை புதியதைப் பற்றும். கரம் அரைச் சுற்றுச் சுற்றினால் மாற்றம் முடிந்தது.

இது நிகழ்வதற்குக் கருவியைத் தாங்கும் கூம்பும் ஒத்துழைக்க வேண்டும். பழைய மோர்ஸ் கூம்பு சாய்வு குறைந்தது. ஒருமுறை செருகினால் இறுகப் பற்றிக்கொள்ளும். தட்டித்தான் எடுக்க வேண்டும். இருபத்து நான்குக்கு ஏழு என்ற அளவில் சாய்ந்த கூம்போ எளிதில் விட்டுக்கொடுக்கும். எனவே அதை உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பதற்கு வலிய வில் தட்டுகளை வைத்தார்கள். விடுவிப்பதற்கு மட்டுமே காற்றின் அல்லது எண்ணெயின் அழுத்தம் பயன்படும். மின்சாரம் நின்றாலும், காற்றுக் குழாய் அறுந்தாலும், கருவி கீழே விழாது. பிடிப்பது வில், விடுவிப்பது காற்று என்ற இந்த முறை எத்தனையோ கைகளைக் காத்திருக்கிறது.

கட்டளைகளுக்கும் ஒரு பொதுமொழி அமைந்தது. டி என்ற எழுத்தோடு எண்ணைச் சேர்த்தால் எந்தக் கருவி என்று பொருள். எம் 6 என்றால் மாற்று என்று பொருள். ஜி 43 என்றால் அக்கருவியின் நீளத்தைக் கணக்கில் கொள் என்று பொருள். தச்சர் தம் மனத்துக்குள் ஒரு நொடியில் செய்துகொள்வதை இங்கே மூன்று சொற்களாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இத்துறைக்கு அடித்தளம் இட்ட ஊர் பெங்களூர். சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் அங்கே 1953-இல் தோன்றியது. இயந்திரக் கருவிகளை ஆராய்வதற்கென்றே மத்திய நிலையம் ஒன்று 1962-இல் அதே நகரில் அமைக்கப்பட்டது. எண் கட்டுப்பாடு மரவேலைக்குள் நுழைந்ததோ வேறு வழியில். ஜப்பானில் பியானோத் தொழிலுக்குப் பேர்போன ஹமமட்சு நகரின் ஷோடா நிறுவனம் 1968-ஆம் ஆண்டில் எண்களால் இயங்கும் ரூட்டரை உருவாக்கியது. கணிப்பொறி மலிவாக மலிவாக அவ்வகைப் பொறி சிறு பட்டறைகளுக்கும் எட்டிற்று. இன்று கதவுப் பலகைக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் பூஜை மாடத்துக்கும் அது செதுக்குகிறது.

பெரிய தொழிற்சாலை ரூட்டர்களில் பத்துப் பன்னிரண்டு கருவிகள் ஏந்திய சக்கரம் உண்டு. சிறு பட்டறைப் பொறியில் அது பெரும்பாலும் இராது. அங்கே கருவியை மாற்றுவது மனிதக் கையே. இரண்டு ஸ்பானர்கள், ஒரு கோலெட், ஒரு நட்டு, அவ்வளவுதான். சுருங்கச் சொன்னால், 1952-ஆம் ஆண்டின் நிலைக்கே நாம் திரும்பி வந்திருக்கிறோம். ஆனால் ஒரு வேறுபாடு: வரைபடத்தைக் கணிப்பொறியில் இடுபவரும், கருவியை மாற்றுபவரும், மரத்தை அறிந்தவரும் பெரும்பாலும் ஒருவரே. எண் முறை பிரித்து வைத்ததைச் சிறு பட்டறை மறுபடி ஒன்றாக்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் அத்தகைய பட்டறை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். நன்கு உலர்ந்த தேக்குப் பலகை ஒன்றில் பூவேலை நடந்துகொண்டிருந்தது. முதலில் அகன்ற பிட்டால் பலகையின் மேற்பரப்பு முழுவதையும் இரண்டு மில்லிமீட்டர் சீவினார்கள். பின்னர் பொறி நின்றது. இளைஞர் கூரிய பிட்டை மாட்டினார்; அதன் முனையைப் பலகையின் மேற்பரப்பில் தொடவைத்து, இதுவே சுழி என்று பொறிக்கு அறிவித்தார்; பொத்தானை அழுத்தினார். பூக்கள் மலர்ந்தன, ஆனால் எல்லாமே வேண்டிய அளவுக்குமேல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மலர்ந்தன. மெல்லிய காம்புகள் பொடிந்து போயின. பொறி பழுதடைந்துவிட்டதோ என்று அவர் திகைத்தார். பொறி பிழை செய்யவில்லை. முதற்கருவிக்குச் சுழியாக இருந்தது சீவாத பரப்பு. இரண்டாவது கருவிக்குச் சுழியானது சீவிய பரப்பு. அங்கிருந்த முதிய தச்சர் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, கோட்டை இழைத்துத் தள்ளிவிட்டு அப்புறம் கோடு எங்கே என்று தேடினால் கிடைக்குமா என்று கேட்டார். போர்ட்ஸ்மத் கட்டையில் பதித்த தடத்தின் பொருளும் அதுவேயன்றோ?

இதற்கு மருந்து எளிது. வேலையின் போக்கில் அழியாத ஓரிடத்தைச் சுழிக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டும். பலகையின் மேற்பரப்பைச் சீவப் போகிறோமென்றால் பலகை கிடக்கும் மேடையையே ஆதாரமாக்குவது நலம். மேடையின் ஓரத்தில் நிலையான தொடுதட்டு ஒன்றை அமைத்து, ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் தொடவைத்து நீள வேறுபாட்டை அறிவது அதனினும் நலம். முதற்கருவி கோலெட்டுக்குக் கீழே 42 மில்லிமீட்டர் நீண்டிருந்து, அடுத்தது 37.5 மில்லிமீட்டரே நீண்டிருந்தால், வேறுபாடு 4.5 மில்லிமீட்டர். அதைச் சொல்லாவிட்டால் இரண்டாவது கருவி காற்றையே வெட்டிக்கொண்டிருக்கும். வரிசை மாறி நீண்ட கருவி பின்னால் வந்தாலோ, அதே 4.5 மில்லிமீட்டர் மரத்துக்குள் கூடுதலாக இறங்கும், பிட்டு முறியும்.

உயரத்துக்கான சுழி மட்டுமே கருவியோடு மாறுவது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உரிய சுழிகளை எக்காரணத்தாலும் தொடலாகாது. ஸ்பானரை அழுத்தும் வேகத்தில் பொறியின் கரம் சற்று நகர்ந்துவிட்டாலும், பல சிறு பொறிகளுக்கு அது நகர்ந்ததே தெரியாது. ஆகையால் இரண்டு ஸ்பானர்களையும் ஒன்றுக்கொன்று எதிராகப் பிடித்து அழுத்தினால் விசை கரத்துக்குப் போகாது. ஐயம் தோன்றினால் பொறியை அதன் மூல இடத்துக்கு ஒருமுறை அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம். கோலெட்டைத் துடைத்து மாட்ட வேண்டும். அதனுள் சிக்கிய ஒரு துணுக்குத் தூளே பிட்டைத் தள்ளாட வைக்கும். ஒரே கருவியின் வேலைகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, கருவிக்கு ஒரு கட்டளைத் தொகுப்பாக எழுதிக்கொண்டால், மாற்றும் தடவைகளும் குறையும், பிழையும் குறையும்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. கட்டளைத் தொகுப்பு நின்றிருப்பது வேறு. பொறி நின்றிருப்பது வேறு. எம் 6 என்ற இடத்தில் காத்திருக்கும் பொறி, யாரேனும் ஒரு பொத்தானைத் தொட்டால் தொடர்ந்து ஓடக் காத்திருக்கும் பொறியே. நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றும் தண்டில் கை வைப்பதற்கு முன் அதன் மின்சாரத்தைத் தனியே துண்டித்தே ஆகவேண்டும். தொழிற்சாலைப் பொறியில் அந்தக் காவலை வில்லும் கதவுப் பூட்டும் செய்கின்றன. சிறு பட்டறையில் அதைச் செய்வது பழக்கம் ஒன்றே.

அந்தப் பெங்களூர்ப் பட்டறைக்கு மறுமுறை சென்றபோது மேடையின் மூலையில் சிறிய பித்தளைத் தட்டு ஒன்று திருகப்பட்டிருந்தது. ஒவ்வொரு கருவியும் முதலில் அதைத் தொட்டுவிட்டே மரத்துக்குப் போயிற்று. கழுத்தில் சங்கிலி கட்டிய சிவப்புச் சுவிட்சு ஒன்றும் ஸ்பானர்களோடு தொங்கிற்று. அதை அணைத்துக் கையில் எடுத்தாலன்றி ஸ்பானர் ஆணியை விட்டு வராது. பித்தளைத் தட்டைச் சுற்றி யாரோ பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அது எதற்கு என்று இளைஞரைக் கேட்டேன். தட்டு நகர்ந்துவிட்டால் தெரியவேண்டுமல்லவா, தச்சர் ஐயா இழுத்து வைத்தது என்றார் அவர்.